உப்புக் காற்றில் டயர் சென்சார்

மண்டபம் ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிற ஆனி மாதம். மூன்று வருடமாகக் கடலோரத்திலேயே நிற்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று காற்றடிக்க வந்து நின்றது. பையன் வால்வ் மூடியைத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. குரோம் பூசி, நான்கு கொண்ட செட்டாக விற்பார்களே, அந்த மூடி. “அண்ணே, மூடி பிடிச்சுக்கிச்சு” என்று கட்டிங் பிளேயரை எடுத்தான். “தம்பி, பொறு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு திருகு. மூடியோடு சேர்ந்து வால்வின் கழுத்தும் அவன் கைக்கு வந்துவிட்டது. சீறிக்கொண்டு காற்று போய், டயர் தரையோடு படுத்துவிட்டது.

காரில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட் இருந்தது. அது டயரில் ஆணி குத்திய ஓட்டைக்கு ஆகும். வால்வ் இருந்த இடத்து ஓட்டைக்கு ஆகாது. ராமநாதபுரத்திலிருந்து வண்டி வந்து தூக்கிக்கொண்டு போனது.

உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த வாயில் சுண்ணாம்புப் பொடி போல வெள்ளை. மரை இருந்த இடத்தில் அலுமினியம் பொரித்த அப்பளம் மாதிரி குமிழ் விட்டிருந்தது. நடுவிலிருந்த பித்தளைப் பின் மட்டும் லேசாகப் பச்சை பிடித்து, மற்றபடி திடமாக இருந்தது. பிற்பாடு டயரைக் கழற்றி, உள்ளே விழுந்துகிடந்த சென்சாரை, அதைப் படிக்கும் கருவியில் வைத்தால் அது தன் எண்ணைச் சொல்கிறது, வெப்பத்தைச் சொல்கிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்கிறது. மூளைக்கு ஒன்றுமில்லை, கழுத்துதான் போயிருந்தது.

மாற்று சென்சார் வாங்குவது பற்றிய குறிப்புகள் பொதுவாக அலைவரிசை, மென்பொருள், பிராண்டு என்றே தொடங்கும். ராமநாதபுரம், ராமேஸ்வரம் கரையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் தலைகீழாகச் சொல்கிறேன். கழுத்தைப் பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் காரில் இருப்பது எது?

டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் முறை இரண்டு வகை. ஒன்று நேரடி வகை. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வின் அடியில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பெட்டி உட்கார்ந்து, அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ரேடியோ அலையில் அனுப்பும். மற்றது மறைமுக வகை. அதில் டயருக்குள் எதுவும் கிடையாது. காற்று குறைந்த டயர் சற்றுச் சிறுத்து வேகமாகச் சுற்றுவதை ஏபிஎஸ் உணரிகளை வைத்துக் கணக்கிட்டு விளக்கைப் போடும். திரையில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எண் வந்தால் அநேகமாக நேரடி வகை. ‘டயரைப் பார்’ என்று மட்டும் சொன்னால் மறைமுக வகையாக இருக்கலாம். அப்படியானால் வாங்க வேண்டிய சென்சாரே இல்லை, மெனுவில் போய் மறுபடி கணக்கைத் தொடங்கச் சொன்னால் போதும். இல்லாத சென்சாருக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சாலையில் ஓடும் கார்களில் இந்த ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது 1986-இல் போர்ஷே 959, ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான். அதற்குக் காரணமுண்டு. உயரம் குறைந்த, பக்கச்சுவர் விறைத்த டயரில் காற்று பாதியானாலும் கண்ணுக்குத் தெரியாது. அம்பாசடர் காலத்தில் போல் காலால் எட்டி உதைத்துப் பார்ப்பதெல்லாம் இங்கே பலிக்காது. காற்றில்லாமலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர் என்றால் இன்னும் மோசம், ஓட்டுகிறவருக்கே தெரியாது. அமெரிக்கா 2000-இல் சட்டம் போட்டு 2007-லிருந்து புதிய கார்களில் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2014 நவம்பருக்குப் பிறகு எல்லாப் புதிய கார்களிலும் வந்துவிட்டது. இந்தியாவில் 2020 ஜூலையில் வந்த விதித் திருத்தம், சென்சாரும் டயர் பழுதுநீக்கும் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்றது. அந்த நாள் முதல் ஸ்டெப்னி இல்லாத கார்களுக்குச் சென்சார் வசதிப் பொருள் அல்ல. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த 9.5 கிலோமீட்டர் சாலையில், இருபுறமும் கடல்தான் இருக்கிறது. பஞ்சர் கடை இல்லை.

விளக்கு எரியும் விதத்தைக் கவனியுங்கள். ஸ்டார்ட் செய்ததும் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுக்கிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் பெரும்பாலான கார்களில் சென்சார் பேசவில்லை என்று அர்த்தம். இரண்டாவது நடந்தால்தான் இந்தக் குறிப்பு உங்களுக்கு.

கழுத்து

காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகத் துண்டுகளைத் திறந்த வெளியில் நிறுத்தி, காற்று எவ்வளவு தின்கிறது என்று அளப்பதற்கு மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. உலோகம் அரிக்கும் இடங்களில் புளோரிடாவுக்கு அடுத்தது பாம்பன் என்று பொறியாளர்கள் சொல்வது வழக்கம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே இத்தனை பாதுகாப்பு தேவைப்படுகிற காற்றில், சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு அலுமினியக் குழாய் உங்கள் டயரின் காற்று முழுவதையும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் பட்டால் அது ஒரு குட்டி பேட்டரி. இரண்டில் எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும். இரும்புப் படகின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவது இந்தக் கணக்கில்தான்: துத்தநாகம் கரையட்டும், இரும்பு பிழைக்கட்டும். அலுமினியக் கழுத்துக்குள் பூச்சில்லாத பித்தளைப் பின்னையோ, அதன் தலையில் பித்தளை மூடியையோ வைத்தால் கழுத்தே துத்தநாகமாகிவிடுகிறது. பங்கில் நான் பார்த்தது அதைத்தான்.

சென்சார்களில் இரண்டு கழுத்து வரும். ரப்பர் கழுத்து, ரிம் ஓட்டையில் இழுத்துப் பொருத்துவது; உள்ளே பித்தளைக் குழாய், வெளியே ரப்பர். உலோகக் கழுத்து, ரப்பர் வளையம் வைத்து வெளியே நட்டால் இறுக்குவது. ரப்பர் கழுத்தில் பித்தளைக்குள் பித்தளைப் பின் என்பதால் சண்டை கிடையாது. உப்பு அதை ஒன்றும் செய்யாது. வெயில்தான் அதன் எதிரி. சில வருடத்தில் அடிப்பகுதி வெடிக்கத் தொடங்கும், வளைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வேகத்திலும் அதற்கு ஒரு எல்லை உண்டு: மணிக்கு சுமார் 210 கிலோமீட்டருக்கு மேல் போகும் கார்களுக்கு உலோகக் கழுத்துதான் என்பது தொழிலில் ஏற்ற வழக்கம். சுழலும்போது வெளிப்புறமாக இழுக்கும் விசையில் ரப்பர் வளைந்துவிடும்.

என் தீர்ப்பு இது. கார் ராமேஸ்வரத்திலேயே நிற்கிறது, அதிகபட்சம் மதுரை, திருச்சி என்றால், கார் தயாரிப்பாளரும் ரிம்மும் அனுமதித்தால் ரப்பர் கழுத்து. நம் நான்குவழிச் சாலையில் சட்டப்படி 100-தானே. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்கு எடுத்துப் போகிறவர், அல்லது தயாரிப்பாளர் உலோகம் மட்டுமே என்று எழுதியிருக்கும் கார் என்றால், உலோகம்தான், பேரம் வேண்டாம். அப்போது மூன்று விஷயம். கழுத்து அனோடைஸ் செய்ததாக இருக்கட்டும். பின் நிக்கல் பூசியதாக, வெள்ளி நிறத்தில் இருக்கட்டும். மஞ்சளாகத் தெரிந்தால் வேண்டாம். மூடி பிளாஸ்டிக், உள்ளே ரப்பர் வளையத்தோடு. உலோகத்தில் வரும் கண்ணைக் கவரும் மூடிகளைக் கழற்றி எறிந்துவிடுங்கள். டயரை ரிம்மிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் வளையம், வாஷர், நட், பின், மூடி அடங்கிய சின்ன கிட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் டயருக்குக் கொடுத்துவிட்டு இந்தக் கிட்டுக்குக் கணக்குப் பார்ப்பவர்களை என்ன சொல்ல.

வால்வின் மேல் மூடியைப் போலத் திருகிவைக்கும் வெளிச் சென்சார்களும் விற்கின்றன. காரின் சொந்த ஏற்பாட்டுக்கு அவை மாற்று அல்ல. அலுமினியக் கழுத்தில் பித்தளை மரை ஏறினால் மேலே சொன்ன கதையேதான். கோயில் வாகன நிறுத்தத்தில் திருடுபோகவும் செய்யும்.

அலைவரிசையும் வயதும்

நம் நாட்டில் விற்ற கார்களின் சென்சார் பேசுவது 433 மெகாஹெர்ட்ஸில், ஐரோப்பாவிலும் அப்படியே. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்ற கார்கள் பெரும்பாலும் 315. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும்போது யாரோ வாங்கிவந்த ‘ஒரிஜினல்’ சென்சார் நம் காரில் ஊமையாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மறுபக்கம், வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ குடிபெயர்ந்து வந்தவர் கூடவே கொண்டுவந்த கார் என்றால், இங்கே கிடைக்கும் 433 அதற்குப் பொருந்தாமல் போகலாம். பழைய சென்சாரைக் கழற்றி அதன் முதுகில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஊகிக்க வேண்டாம்.

கம்பெனி சென்சார், எழுதிக்கொள்ளும் பொதுச் சென்சார் என்று இரண்டு தேர்வு. ஷ்ரேடர், ஹூஃப், கான்டினென்டல் போன்றவர்கள் கார்க் கம்பெனிகளுக்கும் கொடுக்கிறார்கள், தனியாகவும் விற்கிறார்கள். ஆட்டெல் போன்றவர்களின் பொதுச் சென்சாரில் கருவியை வைத்துக் கார் மாடலைத் தேர்ந்தெடுத்து எழுதலாம். பழைய சென்சாரின் 7 அல்லது 8 இலக்க எண்ணை அப்படியே புதியதில் பிரதி எடுத்தால் மாற்றியதே காருக்குத் தெரியாது, மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலை மிச்சம். அந்தக் கருவி உங்கள் ஊர்க் கடையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சென்சார் கையில், கருவி மதுரையில் என்று அலைய வேண்டாம்.

உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியை மாற்ற முடியாது; பிசின் ஊற்றி மூடியிருக்கும். ஆயுள் 5 முதல் 10 வருடம். நம் வெயிலில் 10 வருடம் கனவு காணாதீர்கள். முதுகில் தயாரித்த வாரமும் வருடமும் இருக்கும், பாருங்கள். சென்னை புதுப்பேட்டையில் எந்தக் காரின் எந்தப் பாகமும் கிடைக்கும். பழைய கதவு, பழைய விளக்கு வாங்கலாம். பழைய சென்சார் வேண்டாம், பேட்டரியின் மிச்ச ஆயுள் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றின் பேட்டரி தானாகத் தீர்ந்தது என்றால் மற்ற மூன்றும் அதே வயதுதான். அடுத்த டயர் மாற்றத்தில் நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்று உடைந்துபோனது என்றால் அந்த ஒன்றை மட்டும்.

ஸ்டெப்னிக்குள் நால்வர்

ஸ்போர்ட்ஸ் கார் டயரை மாட்டிக் கழற்றுவது லேசான வேலையல்ல. கூலியைவிட, விறைத்த பக்கச்சுவரும் கீறல் விழும் அலாய் வீலும்தான் கவலை. மாட்டிவிட்டுச் சென்சார் பேசவில்லை என்றால் எல்லாம் மறுபடி. அதனால் உங்கள் டயருக்குள் போகும் முன் வேறொரு டயருக்குள் சோதித்துவிடுங்கள். கடைகளில் யாரும் இதைச் செய்வதில்லை, கேட்டால் செய்வார்கள்.

முதலில் கையிலேயே. கருவியைச் சென்சாருக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டி எழுப்புங்கள். 125 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு குரல் கொடுக்கும், சென்சார் பதில் சொல்லும். அழுத்தம் 0, வெப்பம் கடையின் வெப்பம், எண், பேட்டரி நிலை. எண்ணைத் தாளில் எழுதி, சென்சாரிலும் மார்க்கர் பேனாவால் 1, 2, 3, 4 என்று போடுங்கள். இங்கேயே பதில் வராத சென்சாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து ஏதாவது ஒரு பழைய ட்யூப்லெஸ் ஸ்டெப்னி. டயரை ஒரு பக்கம் மட்டும் பிரித்து, நான்கு சென்சார்களையும் உட்புறம் நான்கு திசையில் துணி டேப்பால் ஒட்டுங்கள். சும்மா போட்டால் நான்கும் ஒரே மூலையில் போய் விழுந்து, ஒன்றைக் கேட்டால் நான்கும் பதில் சொல்லும். டயரை மூடி 20 பிஎஸ்ஐ அடியுங்கள். பக்கச்சுவர் ஓரமாகக் கருவியைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிறகு 30, பிறகு 40. நால்வரும் இருப்பது ஒரே அறையில், ஒரே காற்றில். ஆகவே நால்வரும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். 1 பிஎஸ்ஐ முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. மூவர் 30 என்று சொல்லும்போது ஒருவர் மட்டும் 26 என்றால் அவரை வீட்டுக்கு அனுப்புங்கள். நால்வரும் சேர்ந்து உங்கள் கேஜோடு முரண்பட்டால் கேஜைத்தான் சந்தேகப்பட வேண்டும். உப்பில் ஊறிய பங்க் கேஜை நம்பாமல் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தச் சக்கரத்தை மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் போடுங்கள். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து ஏற வேண்டும். வெப்பம் ஏறி அழுத்தம் அசையாவிட்டால் டயரில் கசிவு, அல்லது சென்சாரில் கோளாறு. கடைசியாக, பின்னை அழுத்திக் காற்றைச் சட்டென்று இறக்குங்கள். நின்றபடி தூங்கும் பல சென்சார்கள் அழுத்தம் விழுவதை உணர்ந்து தாமாக விழித்து அனுப்பும்; கருவியைக் கேட்கும் நிலையில் மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள். கணினிப் பழக்கமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், யுஎஸ்பி ரேடியோ ஒன்றும் ஆர்டிஎல் 433 என்ற இலவச மென்பொருளும் போதும், பல சென்சார்களின் பேச்சைத் திரையில் படித்துவிடலாம்.

பிளாஸ்டிக் குழாயில் மூடி போட்டுக் காற்றடித்துச் சோதிக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர்க் குழாய் அழுத்தக் காற்றில் வெடித்தால் கத்தியாகச் சிதறும்.

டயரை மறுபடி பிரித்ததும் நான்கு சென்சாரையும் எண்ணி எடுங்கள். ஒருமுறை மூன்றை எடுத்துக்கொண்டு கிளம்பி, நான்காவதை உச்சிப்புளி வரை தேடியிருக்கிறேன்.

மாட்டும்போது

பக்கத்தில் நின்று பாருங்கள். டயரை அமுக்கிப் பிரிக்கும் கை வால்வுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். புதிய சென்சார்கள் உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ரிம் ஓட்டை ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை போல் படிந்திருந்தால் நன்றாகத் துடைத்துச் சமன் செய்யாமல் புது ரப்பர் வளையம் உட்காராது. நட்டை டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லுங்கள்: பொதுவாக 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள், சென்சாரோடு வரும் தாளில் போட்டிருக்கும். ‘கை டைட்’ என்பது இந்த வேலைக்கு அளவல்ல. வழுக்கட்டும் என்று கிரீஸ் தடவ விடாதீர்கள், ரப்பர் ஊதிவிடும். சோப்பு நீர் விட்டுக் குமிழி பாருங்கள். சென்சார் 25, 30 கிராம் எடை. வீல் பேலன்ஸ் செய்யாமல் காரை எடுக்காதீர்கள்.

ஆணி குத்தினாலும் காற்று போகாது என்று ட்யூப்லெஸ் ஜெல் ஊற்றச் சொல்வார்கள். சென்சாரின் காற்றுத் துளை குண்டூசி முனை அளவு. ஜெல் அதை அடைத்துவிட்டால் அவ்வளவுதான்.

நைட்ரஜன் பற்றிக் கேட்பீர்கள். அதன் மந்திரம் ஒன்றே ஒன்று, அது உலர்ந்தது. கடலோரக் கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். தினமும் வடிக்கும் கடை என்றால் சாதாரணக் காற்றே போதும்.

சாலையில் கற்றுக்கொடுத்தல்

சில கார்கள் தாமாகக் கற்றுக்கொள்ளும், சிலவற்றில் மெனு, சிலவற்றுக்குக் காரின் ஓபிடி சாக்கெட் வழியாகக் கருவி. தாமாகக் கற்கும் கார்களுக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் 10, 20 நிமிட ஓட்டம் தேவை, நிற்காமல். ராமநாதபுரத்திலிருந்து பட்டணம்காத்தான் தாண்டி உச்சிப்புளி வழியாக மண்டபம் போகும் நேர்ச்சாலை இதற்கென்றே போட்டது போல் இருக்கும். பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். 1988-இல் திறந்த நாள் முதல் அதில் எல்லோரும் வண்டியை நிறுத்திக் கடலைப் பார்க்கிறார்கள், வேகம் கிடைக்காது. முன் டயரும் பின் டயரும் வேறு அளவு, வேறு அழுத்தம் உள்ள கார் என்றால் எந்தச் சென்சார் எந்த மூலை என்று கார் சரியாகப் பிடித்ததா பாருங்கள். வழி எளிது: ஒரு சக்கரத்தில் மட்டும் 4 பிஎஸ்ஐ குறைத்துவிட்டுச் சற்று ஓட்டுங்கள். திரையில் வேறு மூலை குறைந்தால் இடம் மாறியிருக்கிறது.

அழுத்தம் வைப்பது எப்போதும் விடியற்காலை, வண்டி நகர்வதற்கு முன். 27 டிகிரியில் 32 வைத்த டயர், ஓடிச் சூடேறி 57 டிகிரியானால் 36-ஐத் தாண்டிவிடும். நண்பகலில் ராமேஸ்வரம் வந்து சேர்ந்த சூட்டோடு சூடாக 32-க்கு இறக்கினால், மறுநாள் அதிகாலையில் 28-தான் இருக்கும். பிறகு விளக்கு எரிகிறது என்று சென்சாரைத் திட்டுவார்கள். அக்னி தீர்த்தத்துப் பக்கம் நிறுத்தும்போது ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் நிழலும் விழுந்தால் இடது, வலதில் 2, 3 பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டும். அது கோளாறல்ல, சென்சார் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி.

தனுஷ்கோடி போய்வந்த நாளில் நான்கு வால்வுகளின் மேலும் ஒரு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், மூடி போட்டபடியே. தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய மாவட்டம், கார் முழுவதையும் கழுவச் சொல்லி நான் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை நான்கு மூடிகளையும் கையால் திருகிக் கழற்றி, மரையைத் துணியால் துடைத்து மாட்டுங்கள். ஒன்று கையோடு வர மறுத்தால் பிளேயரைத் தொடாதீர்கள். மூடியின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் வராவிட்டால் அப்படியே டயர்க் கடைக்கு ஓட்டிப் போய், டயரைக் கழற்றிக் கழுத்தை மாற்றச் சொல்லுங்கள். சில சென்சார்களில் கழுத்து மட்டும் தனியாகவே கிடைக்கிறது.